அண்ணாவை ஒரு ரூபாயில போட்டிருக்கணும்

இன்னிக்கு எனக்கு காமராசர் கிடைச்சார்.

சில்லறையில.

அசோக் பில்லர் பக்கம் தள்ளுவண்டியில கீரை வாங்கிட்டு மீதிக்குக் கை நீட்டினேன். உள்ளங்கையில விழுந்ததுமே கனம் வேற மாதிரி இருந்துச்சு. இப்ப வர்ற அஞ்சு ரூபாய் மஞ்சளா, லேசா இருக்கும். இது வெள்ளை. அந்தக் காலத்து ஒம்போது கிராம் அஞ்சு ரூபாய். திருப்பினா, மீசையோட அந்த அகலமான முகம். 2003, நூற்றாண்டுக்காகப் போட்ட நாணயம்.

"அக்கா, இதுல இருக்கிறது யாருன்னு பாத்தீங்களா?"

வண்டிக்கார அக்கா வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாங்க. "அட, காமராசரு! காலையிலேருந்து என் டப்பாவுலயா கெடந்தாரு?"

அவங்க சிரிச்ச சிரிப்புக்காகவே இந்தப் பதிவு எழுதலாம்.

நம்ம அசோக் நகர்ப் பேட்டைக்காரங்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த இந்திய நாணயத்தைத் திருப்பினாலும் பின்னாடி மூணு சிங்கம் தெரியும் (நாலாவது சிங்கம் முதுகுப் பக்கம் இருக்கு). அதே சிங்கங்கள்தான் நம்ம பில்லர் உச்சியிலயும் நிக்குது. நாணயத்தோட ஒரு பக்கத்தைப் பேட்டைக்கு நடுவுலயே தூண் கட்டி நட்டு வச்சிருக்கோம். அசோக் நகர் உருவானது 1964. சுதந்திர இந்தியா முதல் தடவையா ஒரு மனுஷர் முகத்தை நாணயத்துல போட்டதும் அதே 1964-லதான். அந்த வருஷம் மே 27 நேரு காலமானார். வருஷம் முடியறதுக்குள்ள ஒரு ரூபாயிலயும் அம்பது பைசாவுலயும் அவர் முகம் வந்துடுச்சு.

சரி, சந்தோஷத்தைச் சொல்லிட்டேன். இனி எரிச்சலைச் சொல்றேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு கடையில அண்ணா போட்ட அஞ்சு ரூபாயைக் கொடுத்தேன். கல்லாவுல இருந்த தம்பி அதைத் தடவிப் பாத்துட்டு, "மேடம், இது ஏதோ மெடல் மாதிரி இருக்கு, வேற குடுங்க"ன்னு திருப்பிட்டார். மெடல் இல்லப்பா, அண்ணாதுரைன்னு தமிழ்லயே கையெழுத்து இருக்கு, படின்னேன். படிச்சார். "ஆமா மேடம். ஆனா வாங்குற ஆளு கேப்பாங்களே"ன்னார். அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. அவர் பயம் அவருக்கு. எனக்குக் கோபம் வந்தது வேற இடத்துல. சென்னையில, தமிழ்க் கையெழுத்து போட்ட நாணயத்துக்கு, அது செல்லும்னு நான் வாதாட வேண்டியிருக்கே?

பத்து ரூபாய்க் காசுக்கு நம்ம ஊர்ல நடந்த கூத்து தெரியும்ல? பத்து கோடு இருக்கறது செல்லும், பதினஞ்சு கோடு செல்லாது, ரூபாய் குறி இல்லாதது போலின்னு ஆளுக்கொரு சட்டம் பேசினாங்க. கடைசியில ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில அறிக்கை விட்டுச்சு: பத்து ரூபாய் நாணயம் இதுவரைக்கும் 14 வடிவத்துல வந்திருக்கு, பதினாலும் செல்லும். அதுக்கப்புறமும் பல ஊர்ல பஸ்லயும் கடையிலயும் வாங்க மறுத்தாங்க. அந்த ரூபாய் குறி வந்ததே 2010-லதான். அதை வரைஞ்சவர் உதயகுமார், நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2011-லேருந்துதான் அது நாணயத்துல ஏறுச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச காசுல எப்படி இருக்கும்? அது இல்லாததாலேயே ஒரு காசைப் போலின்னு சொன்னா, பிறந்த வருஷத்தையே தப்புன்னு சொல்ற மாதிரி ஆகாதா?

(ஒரு உபயோகமான தகவல்: ஒரு ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நாணயங்கள் ஒரே நேரத்துல ஆயிரம் ரூபாய் வரைக்கும் சட்டப்படி செல்லும். 2011 நாணயச் சட்டம். அம்பது பைசான்னா பத்து ரூபாய் வரைக்கும்.)

எனக்கு இந்த நாணய முகப் பைத்தியம் பிடிச்சது அக்கா மகளால. நியூ ஜெர்சியில வளர்ற பொண்ணு. லீவுக்கு வந்தப்ப பைக்குள்ள கிடந்த அமெரிக்கச் சில்லறையை எங்க சாப்பாட்டு மேசையில கொட்டினா. எங்க அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாங்க.

"இது யாருடி?"

"லிங்கன், பாட்டி."

"இவரு?"

"ஜெபர்சன். இது வாஷிங்டன். இந்தக் குட்டிக் காசுல இருக்கறது ரூஸ்வெல்ட்."

"எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்காங்களே. பொம்பளை யாருமே இல்லையா உங்க ஊருல?"

பொண்ணு மலைச்சுப் போயிட்டா. அப்புறம் தேடிப் பாத்துச் சொன்னா. 1979-ல சூசன் பி. ஆண்டனின்னு பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடினவங்களை ஒரு டாலர் காசுல போட்டாங்க. ஆனா அது பாக்க கால் டாலர் மாதிரியே இருந்ததால ஜனங்க குழம்பிப் போய் ஒதுக்கிட்டாங்க. 2022-லேருந்து கால் டாலரோட பின்பக்கத்துல பெண்கள் வந்தாங்க, முதல்ல கவிஞர் மாயா ஏஞ்சலோ. அடிமைத்தனத்துலேருந்து தப்பி வந்து, மத்தவங்களையும் மீட்ட ஹாரியட் டப்மனை இருபது டாலர் நோட்டுல போடுவோம்னு 2016-ல அறிவிச்சாங்க. அவங்க இன்னும் நோட்டுக்கு வரல.

அம்மா அதோட விடல. "நம்ம ஊர்ல?"

இந்திரா காந்தி 1985-ல வந்தாங்க. கேரளத்துப் புனித அல்போன்சா 2009-ல, அன்னை தெரசா 2010-ல, ரெண்டு பேரும் அஞ்சு ரூபாயில. அல்போன்சா காசு இன்னும் சில்லறையில வருது, பாருங்க. நம்ம பாடகி எம்.எஸ். அம்மாவுக்கும் நூற்றாண்டுக்கு 10 ரூபாயும் 100 ரூபாயும் போட்டாங்க. ஆனா அந்த எம்.எஸ். காசு எங்க அம்மா கையில ஒரு நாளும் வரல. ஏன் வரலைங்கறதுக்குத்தான் நான் வரேன்.

அமெரிக்காக் கதையை முதல்ல முடிச்சிடறேன். அது ரொம்ப ருசியான கதை.

முகம் போடறது ராஜாக்கள் வழக்கம், நாம ராஜாவை விரட்டிட்டு வந்தவங்க, அது நமக்கு வேண்டாம்னு முதல்ல அவங்க முடிவு பண்ணாங்க. அதனால 1792-லேருந்து ரொம்ப காலம் நாணயத்துல சுதந்திர தேவிதான். நூறு வருஷத்துக்கு மேல ஆகி, 1909-ல லிங்கனோட நூற்றாண்டுக்கு ஒரு சென்ட் காசுல அவர் முகம் வந்துச்சு. மதிப்புல நாட்டுலயே சின்ன காசு. ஏழை பையிலயும் கிடக்கும், பிச்சைத் தட்டுலயும் விழும். அப்புறம் 1932-ல வாஷிங்டன் கால் டாலருக்கு, 1938-ல ஜெபர்சன் அஞ்சு சென்ட்டுக்கு. லிங்கன் மட்டும் அதே ஒரு சென்ட்ல நூறு வருஷத்துக்கும் மேல இருந்தார். ஒரு சென்ட் அடிக்க மூணு சென்ட்டுக்கு மேல செலவாகுதுன்னு 2025 நவம்பர்ல புழக்கத்துக்கு அடிக்கறதை நிறுத்திட்டாங்க. அந்தச் செய்தி வந்தன்னிக்கு எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு.

நோட்டுல ஒரு வேடிக்கை உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்துல அங்க சில்லறைத் தட்டுப்பாடு, அதனால அஞ்சு சென்ட்டுக்கெல்லாம் காகித நோட்டு அடிச்சாங்க. நோட்டு அச்சடிக்கற பிரிவுக்குப் பொறுப்பா இருந்த ஸ்பென்சர் கிளார்க்குங்கற அதிகாரி, அஞ்சு சென்ட் நோட்டுல தன் படத்தையே போட்டுக்கிட்டார்! நாடாளுமன்றம் கொதிச்சுப் போய் 1866-ல சட்டம் கொண்டு வந்துச்சு: உயிரோட இருக்கறவங்க படத்தைப் பணத்துல போடக்கூடாது. நல்ல சட்டம். எனக்கு முழுச் சம்மதம்.

ஆனா என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் குட்டிக் காசு. டைம். பத்து சென்ட். ரூஸ்வெல்ட்.

ஏன் ரூஸ்வெல்ட்டைப் பத்து சென்ட்ல போட்டாங்க தெரியுமா? அவருக்கு இளம்பிள்ளை வாதம். முப்பத்தொம்போது வயசுல வந்து, கால் ரெண்டும் போச்சு. ஜனாதிபதி ஆனப்புறம் அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க நிதி திரட்டினாங்க. பெரிய பணக்காரங்களைக் கேக்கல. ஆளுக்கு ஒரு பத்து சென்ட் அனுப்புங்கன்னு வானொலியில கேட்டாங்க. வெள்ளை மாளிகைக்கு மூட்டை மூட்டையா தபால், கவருக்குள்ள பத்து சென்ட் காசு. அந்த நிதியிலதான் பின்னாடி போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கே உதவி போச்சு. 1945 ஏப்ரல்ல அவர் போயிட்டார். அடுத்த ஜனவரி 30, அவர் பிறந்த நாள் அன்னிக்கு, அவர் முகம் போட்ட பத்து சென்ட் வெளியே வந்துச்சு. எந்தக் காசை ஜனங்க அவருக்காக அனுப்பினாங்களோ அதே காசுல.

யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு பொருத்தமான வேலை! முகத்துக்கும் மதிப்புக்கும் ஒரு சொந்தம் இருக்கு. அந்தக் காசைப் பாக்கற குழந்தை "ஏன் இவர் இதுல?"ன்னு கேட்டா, சொல்ல ஒரு கதை இருக்கு.

இங்கதான் எனக்கு அண்ணா ஞாபகம் வந்தார்.

1967 தேர்தல். அண்ணாவோட வாக்குறுதி, ரூபாய்க்கு மூணு படி அரிசி. எங்க அம்மா தலைமுறைக்கு இதைச் சொன்னாலே போதும், கண்ணுல ஒரு வெளிச்சம் வரும். அரிசித் தட்டுப்பாடு, ரேஷன் வரிசை, ஜனங்க கடுப்புல இருந்த காலம். ஜெயிச்சு முதலமைச்சர் ஆனதும், மூணு படி கொடுக்க நிதி இடம் கொடுக்கல. சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படின்னு ஆரம்பிச்சார். அதைக் கிண்டல் பண்ணவங்க உண்டு. வாங்கிச் சமைச்சவங்களும் உண்டு. எங்க பாட்டி ரெண்டாவது ரகம். அம்மா சொல்வாங்க: "ஒத்த ரூபாயை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போவாங்கடி உங்க பாட்டி."

தமிழ்நாட்டு அரசியல்ல ஒரு தலைவரும் ஒரு ரூபாய்க் காசும் இப்படி ஒட்டிக்கிட்டது வேற யாருக்கும் இல்ல.

இதோட முடியல. அண்ணாவோட நூற்றாண்டு 2008 செப்டம்பர் 15-ல தொடங்குச்சு. அதே நாள்ல கலைஞர் அரசு ரேஷன் அரிசியைக் கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பிச்சுது. (2011-லேருந்து அது இலவசமாவே ஆயிடுச்சு.) ஆக, நூற்றாண்டு வருஷம் முழுக்க, தமிழ்நாட்டுல ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. மறுபடியும் அண்ணாவும் ஒரு ரூபாயும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னாங்க. அந்த நேரத்துல நாணயம் அடிக்கறாங்க.

அஞ்சு ரூபாயில!

எனக்குத் தாங்கல. அந்த அஞ்சு ரூபாய் அழகான நாணயம்தான், சந்தேகமே இல்ல. மஞ்சள் நிறம், முகம் தெளிவு, கீழ தமிழ்ல அவர் கையெழுத்து. இந்திய அரசு நாணயத்துல தமிழ் எழுத்தைப் பாக்கறப்ப எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனா அது ஒரு ரூபாயா இருந்திருக்கணும். கோடிக்கணக்குல அடிச்சு, ஒவ்வொரு ரேஷன் கடைக் கல்லாவுலயும் கிடந்திருக்கணும். அரிசி வாங்க வந்த பாட்டி ஒரு அண்ணாவைக் கொடுத்து ஒரு கிலோ வாங்கியிருக்கணும். அந்த வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் வரும். வந்துச்சு, போயிடுச்சு.

காமராசருக்கு எந்த மதிப்பு பொருந்தும்னு யோசிச்சேன். விடை கிடைக்கல. தி. நகர் திருமலைப் பிள்ளை சாலை வீடு இங்கேருந்து பக்கம்தான், இப்ப நினைவு இல்லம். வாடகை வீடு. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அங்கதான் இறந்தார். கடைசியில அவர்கிட்ட இருந்த ரொக்கம் நூத்துச் சொச்சம் ரூபாய்னு எங்க வீட்ல திரும்பத் திரும்பச் சொல்வாங்க. காசு சேக்காத மனுஷர், காசுல இருக்கார். எந்த மதிப்பா இருந்தா என்ன, கை மாறிக்கிட்டே இருக்கற காசா இருக்கணும். அவர் அஞ்சு ரூபாய் அப்படித்தான் இருக்கு, இருபது வருஷம் தாண்டியும் கீரை வண்டிக்கு வருது.

வள்ளுவரும் கை மாறினவர்தான். 1995-ல தஞ்சாவூர்ல எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தப்ப ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் மூணுலயும் அவரைப் போட்டாங்க. ஸ்கூல் படிக்கறப்ப ரெண்டு ரூபாய் வள்ளுவரைக் கொடுத்து நான் மிட்டாய் வாங்கியிருக்கேன். பசுமைப் புரட்சிக் காலத்துல உணவு மந்திரியா இருந்த சி. சுப்பிரமணியத்துக்கு (சி.எஸ்.) 2010-ல ஒரு அஞ்சு ரூபாய். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுக்கு அதே வருஷம் ஒரு அஞ்சு ரூபாய். (கோயில் பணத்துல வர்றது அதுதான் முதல் தடவைன்னு நினைக்காதீங்க. 1954-ல வந்த ஆயிரம் ரூபாய் நோட்டுல பெரிய கோயில்தான் இருந்துச்சு. 1978-ல அந்த நோட்டைச் செல்லாதுன்னு எடுத்துட்டாங்க.) வெளிமாநிலத் தலைவர்கள்ல 1990-ல அம்பேத்கர் ஒரு ரூபாய், 1996-ல படேல் ரெண்டு ரூபாய், 2011-ல தாகூர் அஞ்சு ரூபாய். எல்லாம் கையில புழங்கினவை.

அப்புறம் என்னவோ ஆச்சு. காசு பெட்டிக்குள்ள போயிடுச்சு.

நூறு ரூபாய் நினைவு நாணயம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம், பாதி வெள்ளி. ரொம்ப நாள் வழக்கமா இருந்த அளவு அது. மேல நூறுன்னு போட்டிருக்கும், விலையோ சில ஆயிரம். அரசு நாணயச் சாலையில பணம் கட்டி, பெட்டியோட வாங்கணும். டீக்கடையில அதை நீட்டறவங்க யாரும் கிடையாது. எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்கு 100 ரூபாய் வந்துச்சு. கலைஞருக்கு 2024 ஆகஸ்ட் 18-ல, சென்னை கலைவாணர் அரங்கத்துல, பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கையால 100 ரூபாய் வெளிவந்துச்சு. அதுலயும் தமிழ் இருக்கு, "தமிழ் வெல்லும்"னு அவர் கையெழுத்திலேயே. அப்ப ஊரெல்லாம் ஒரே சண்டை. ஏன் ராஜ்நாத்தைக் கூப்பிட்டாங்க, நாணயத்துல ஏன் இந்தி இருக்கு, யாரோட யார் கூட்டணின்னு வாரக்கணக்குல பேசினாங்க. (மத்திய அரசு அடிக்கற எல்லா நாணயத்துலயும் இந்தி இருக்கு. உங்க பாக்கெட்ல இருக்கற ஒரு ரூபாயிலயும்.) நான் எதிர்பாத்த கேள்வியை மட்டும் டிவியில ஒருத்தரும் கேட்டு நான் பாக்கல: இந்தக் காசு தமிழன் கைக்கு எப்ப வரும்?

2025 ஜூலை 27, கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜேந்திர சோழனுக்கு ஆயிரம் ரூபாய் நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். கங்கை வரைக்கும் போனவன். அவன் முன்னோர் நாணயமும் அவன் நாணயமும் சந்தைக்குச் சந்தை சுத்தி, கடல் தாண்டியும் போச்சு. அப்படிப்பட்டவனோட காசு நாலு தெரு தாண்ட வேண்டாமா?

சேகரிக்கறவங்களுக்கு வெள்ளி நாணயம் வேணும், அடிக்கட்டும். நான் அதை எதிர்க்கல. கூடவே ஒரு அஞ்சு ரூபாயையும் லட்சக்கணக்குல அடிச்சுப் புழக்கத்துல விடுங்கங்கறேன். அமெரிக்காவுல கென்னடிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. அவர் சுடப்பட்ட நாலு மாசத்துல, 1964 மார்ச்சுல, அரை டாலர் வெள்ளிக் காசுல போட்டாங்க. பிரியத்துல ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கி வச்சுக்கிட்டாங்க. அரை டாலர்ங்கற காசே அன்றாடப் புழக்கத்துலேருந்து மறைஞ்சு போச்சு. லிங்கனோ செம்பு நிறத்துல, அழுக்கோட, ஒவ்வொரு வீட்டு மேசை இழுப்பறையிலயும் இருக்கார். ரெண்டு பேர்ல யாருக்கு நாணயம் நல்லது பண்ணுச்சு?

நம்ம நாட்டு நோட்டுல இந்தக் கேள்வியே கிடையாது, அங்க காந்தி மட்டும்தான். 1969 நூற்றாண்டு நோட்டுல உக்காந்த மாதிரி வந்தார். 1987-ல ஐநூறு ரூபாயில வந்தார். 1996-லேருந்து ரிசர்வ் வங்கி வெளியிட்ட புது வரிசை நோட்டெல்லாத்துலயும் அவர்தான். அந்தச் சிரிப்பு யாரோ வரைஞ்சது இல்ல, 1946-ல எடுத்த நிஜ போட்டோவுலேருந்து எடுத்தது. 2022-ல தாகூரும் கலாமும் நோட்டுக்கு வரப்போறாங்கன்னு செய்தி கிளம்பி, அப்படி எந்த யோசனையும் இல்லன்னு ரிசர்வ் வங்கியே மறுத்துச்சு. எனக்கு அதுல குறையில்ல. நோட்டு காந்திக்கே இருக்கட்டும். காசுல மத்தவங்களுக்கு இடம் நிறைய இருக்கு.

நோட்டுல ஒரு தமிழரைப் பாக்கணும்னா மொரீஷியஸ் போகணும். அங்க நூறு ரூபாய் நோட்டுல ரெங்கநாதன் சீனிவாசன் இருக்கார். வழக்கறிஞர், அரசியல் தலைவர், நாடு 1968-ல சுதந்திரம் வாங்கறதைப் பாக்காமலே 1958-ல இறந்து போனவர். அந்த நோட்டுல தமிழ் எழுத்தும் இருக்கு. 1998-ல புது நோட்டு அடிச்சப்ப, ஆங்கிலத்துக்கு அடுத்து வழக்கமா இருந்த தமிழைக் கீழ இறக்கி இந்தியை மேல போட்டுட்டாங்க. அங்கத்துத் தமிழர்கள் தெருவுக்கு வந்துட்டாங்க. மத்திய வங்கி ஆளுநர் பதவியே போச்சு. அரசாங்கம் நோட்டுகளைத் திரும்ப வாங்கி, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடிச்சுது. ஜனத்தொகையில சின்னப் பங்கு அவங்க. ஆனா கையில புழங்கற நோட்டை எழுத்து எழுத்தா பாக்கறாங்க. எனக்கு அவங்களை நினைச்சா பெருமையா இருக்கு.

முகம் போடற வழக்கம் நமக்குப் புதுசும் இல்ல. ரோமாபுரி வியாபாரிங்க மிளகுக்குக் கொடுத்த காசு, அகஸ்டஸ் முகமும் டைபீரியஸ் முகமுமா, கரூர், கோவைப் பக்கம் குடம் குடமா கிடைச்சிருக்கு. அதைப் பாத்துப் பழகின சேர ராஜா ஒருத்தர் தன் முகத்தை வெள்ளிக் காசுல போட்டு, மேல தமிழி எழுத்துல பேரும் பொறிச்சார். மாக்கோதை. கரூர் அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச காசு. தினமலர் ஆசிரியரா இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இந்தச் சங்க காலக் காசுகளைத் தேடித் தேடிப் படிச்சு வெளியுலகத்துக்குச் சொன்னார். ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழ் எழுத்தோட, முகத்தோட காசு. அடுத்து தமிழ் எழுத்தும் ஒரு தமிழர் முகமும் சேந்து ஒரு இந்தியக் காசுல வந்ததுன்னு நான் கையில பிடிச்சுப் பாத்தது அண்ணா காசுதான். (எழும்பூர் அருங்காட்சியகத்துல ரோமானியக் காசுகள் இருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.)

சரி, தேடணும்னு ஆசை வந்தவங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல பேங்க்ல போய்க் காசு மூட்டை கேட்டுப் பாத்தேன். மூட்டையில வர்றது எல்லாம் புத்தம் புதுசு, ஒரே மாதிரி. அதுல முகம் கிடைக்காது. சூப்பர் மார்க்கெட் உதவாது, அங்க எல்லாரும் செல்போன்ல பணம் கட்டிட்டுப் போயிடறாங்க. இஸ்திரி வண்டி நல்ல இடம். டீக்கடை அதைவிட நல்ல இடம். காலையில முதல் வியாபாரம் முடிஞ்சப்புறம் போய், "அண்ணே, நூறு ரூபாய்க்குச் சில்லறை குடுங்க"ன்னு கேட்டா சந்தோஷமா கொடுப்பாங்க. எல்லாத்தையும் விட நல்லது கோயில். உண்டியல் எண்ணி முடிச்சதும் சில கோயில்ல சில்லறை மாத்திக் கொடுப்பாங்க. வீட்ல பரண்ல இருக்கற டப்பாவுல வருஷக்கணக்கா கிடந்தது, வேண்டுதலுக்கு முடிஞ்சு வச்சது எல்லாம் உண்டியல்லதான் வந்து விழும். எனக்கு சி.எஸ். அங்கதான் கிடைச்சார். அம்பேத்கரும் அங்கதான்.

கிடைச்சா புளி போட்டுத் தேய்க்காதீங்க. பல்பொடியும் வேண்டாம். பளபளன்னு வரும், ஆனா முகத்துல இருக்கற நுணுக்கமான கோடெல்லாம் தேஞ்சு போயிடும். அழுக்கோட இருக்கட்டும், அது அந்தக் காசு சுத்தின ஊர்களோட அழுக்கு. வருஷத்துக்குக் கீழ பாருங்க. வைரக் கட்டம் இருந்தா மும்பையில அடிச்சது, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, எதுவுமே இல்லன்னா கொல்கத்தா. சென்னைக்குக் குறி கிடையாது. நமக்கும் ஒரு காலத்துல நாணயச் சாலை இருந்துச்சு, சவுகார்பேட்டைத் தங்கசாலைத் தெருவுல. 1869-ல மூடிட்டாங்க. தெருப் பேர்தான் மிச்சம்.

இன்னொண்ணு. முகம் இருக்கற காசுக்கு லட்சம் தரேன்னு வர்ற விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீங்க. காமராசர் அஞ்சு ரூபாய் புழக்கத்துக்கு நிறைய அடிச்ச காசு. அதோட விலை அஞ்சு ரூபாய்தான். அதுதான் அதுல எனக்குப் பிடிச்சதே.

எனக்கு ஒரு பட்டியல் இருக்கு. பாரதியாரைக் கையில புழங்கற ஒரு காசுல பாக்கணும், தலைப்பாகையோட. முத்துலட்சுமி ரெட்டியைப் பாக்கணும். எம்.எஸ். அம்மாவோட பத்து ரூபாயைப் பெட்டியிலேருந்து இறக்கிப் புழக்கத்துல விடணும், பூக்காரம்மா கைக்கு அவங்க வரணும். எம்.ஜி.ஆரும் கலைஞரும் ஒரே கல்லாப் பெட்டியில பக்கத்துல பக்கத்துல கிடக்கணும். அண்ணாவோட நூத்தம்பதாவது ஆண்டு 2059-ல வரும். அப்ப ஒரு ரூபாய்க் காசுன்னு ஒண்ணு இருந்தா, அதுல அவரைப் போடச் சொல்லி யாராவது மனு எழுதணும். எங்க அக்கா மகள்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன். "டைம் மாதிரி, இல்ல சித்தி?"ன்னா. ஆமா கண்ணு, அதே மாதிரிதான்.

ஆங், ஒரு விஷயம். 1995 வள்ளுவர்ல எனக்கு அஞ்சு ரூபாய் இருக்கு, ரெண்டு ரூபாய் இருக்கு. ஒரு ரூபாய் மட்டும் இன்னும் அகப்படல. அசோக் நகர், கே.கே. நகர், மாம்பலம் பக்கம் யார் வீட்டு டப்பாவுலயாவது இருந்தா சொல்லுங்க. என்கிட்ட சி.எஸ். ரெண்டு இருக்கு, மாத்திக்கலாம்.